ரெண்டு கையும் வீசி

சரக் என்றது. காலைத் தூக்கிப் பஸ் படியில் வைத்த பிறகுதான் அது சத்தம் போடுகிற சாமான் என்றே சுடலைவடிவுக்குத் தெரிந்தது. விடியுமுன்னே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதை மாட்டியவள், நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாளே ஒழிய நாலு எட்டு நடந்து பார்த்தாளா? இல்லை. ஐம்பத்தோரு வயசில் முதல்முதலாக டவுசர் போடுகிறவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள். மேலே சேலை, சேலைக்குள் பாவாடை, பாவாடைக்குள் டவுசர். அதுவும் எப்பேர்ப்பட்ட டவுசர்! முட்டிக்கு மேலே ஒரு சாண் ஏறி நிற்கிற, செம்மஞ்சள் நிறத்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிற ஓட்டப்பந்தயத்து டவுசர். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். சரக். அகட்டி வைத்தாள். சத்தம் இல்லை, ஆனால் பொம்பளை பஸ்ஸில் காலை அகட்டி உட்கார்ந்தால் அதுக்கு ஒரு பேச்சு வரும். பக்கத்தில் சீனியம்மாள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடம். வடிவு அமைப்பாளர், சீனியம்மாள் சமையல். போன வருசம் மாதிரியே இந்த வருசமும் மாவட்ட மூத்தோர் ஓட்டப்பந்தயத்துக்குத் தூத்துக்குடி போகிறோம், போன வருசம் மாதிரியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவோம், பிஸ்கட் தருவார்கள், வாங்கிக்கொண்டு வருவோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். “என்னக்கா, இந்த நெளி நெளியுதீக?” என்றாள். “பாவாடை நாடா உறுத்துது.” “தளத்திக்கிட வேண்டியதுதானே.” தளர்த்திக்கொள்ளலாம், நாடாவாக இருந்தால். இது எலாஸ்டிக். இடுப்பைச் சுற்றிக் கட்டெறும்பு கடிக்கிற மாதிரி கடித்துக்கொண்டே இருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோது வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் டவுசர் சத்தம் போடாமல் இருந்துவிடுமா, கோட்டிக்காரி! கண்டக்டர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்காமல் போனதே ஒரு மாதிரியாக இருந்தது, தெரிந்துகொண்டுதான் பார்க்காமல் போகிறானோ என்று.

இவ்வளவு பயம் இருக்கிறவள் எதுக்கு இந்தச் சோலியில் இறங்கினாள்? எல்லாம் ஒரு கையால் வந்த வினை. போன வருசம் நானூறு மீட்டரில் கடைசி வளைவு வரைக்கும் இவள்தான் முதல். சொன்னால் நம்ப மாட்டார்கள், முதல். வளைவில் திரும்பும்போது கொசுவம் அவிழ்ந்தது. அவிழ்ந்ததோ இல்லையோ, இடது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, இவளும் நினைக்கவில்லை, கை அதுவாகப் போனது. ஒரு கையை மட்டும் வீசி மனுசி எவ்வளவு ஓட முடியும்? உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மூச்சு திக்கியது, அறுபத்தோரு வயசு, ரிட்டையர் ஆன போலீஸ்காரம்மா ஒருத்தி கறுப்பு டவுசரில், ரெண்டு கையையும் வீசிக்கொண்டு, இவளைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். எல்லோரும் போலீஸ்காரம்மாவின் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். வடிவு காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அந்தக் கை போன போக்கு! யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத கை. அன்றையிலிருந்து ஒரே ஆசை. சாகுமுன்னே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரெண்டு கையும் வீசி ஓடிப் பார்க்க வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். அந்த ஆசைதான் கோவில்பட்டியில் விளையாட்டுச் சாமான் கடைக்குள் இவளை இழுத்துக்கொண்டு போனது. “எம் மகனுக்கு” என்றாள் கடைக்காரனிடம். “என்ன சைஸ் இடுப்பு?” “என்னை மாதிரிதான் இருப்பான்.” அவன் மூன்று எடுத்துப் போட்டான். கறுப்பு, கருநீலம், இது. பயந்தவள் கறுப்பைத்தானே எடுக்க வேண்டும்? கை போய்ச் செம்மஞ்சளில் நின்றது. இவள் உடம்புக்கு இதுவரை யார் துணி எடுத்தாலும் ஒரே சொல்தான் சொல்வார்கள், அழுக்குத் தாங்கும் என்று. அம்மா எடுத்தாலும், மாமியார் எடுத்தாலும், புருசன் எடுத்தாலும் காப்பிக்கொட்டைக் கலர், சாம்பல் கலர், அழுக்குத் தாங்குகிற கலர். இவளும் தாங்கினாள். இது தாங்காது. ஒரு பொட்டு மண் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இது இவளாக எடுத்தது. கடையில் நிற்கும்போது அப்படி ஒரு தைரியம் எங்கிருந்து வந்ததோ, எட்டயபுரம் தாண்டுவதற்குள் எங்கே போய்த் தொலைந்ததோ.

இசக்கிமுத்துவிடம் வேறு வாய் தவறிச் சொல்லியிருந்தாள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிற ஒத்த மகன். போனில் அவன் மெதுவாகத்தான் பேசினான், கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. “யம்மா, சேலையில ஓடுனா பேப்பர்ல பாராட்டுவான். டவுசர்ல ஓடுனா வாட்ஸ்அப்ல ஓட்டுவான். தையில கல்யாணத்த வச்சிக்கிட்டு இது தேவையா? பொண்ணு வீட்ல பாத்தா என்ன நினைப்பாக? கல்யாணம் முடியட்டும், பெறகு என்னமும் பண்ணு.” சரிய்யா என்றாள். சேலையிலேயே ஓடுதேன்யா என்றாள். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். புருசனிடம் பொய்கூடச் சொல்லவில்லை, காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார், போயிட்டு வாரேன் என்றாள், ம் என்றார். நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளைகள் அத்தனை பேரும் சேலைக்கு மேலே புருசன் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறார்களே, எவனாவது சிரித்தானா? வெயிலுக்கு, முள்ளுக்கு, வேலைக்கு என்றால் ஆம்பளை உடுப்பு ஆகும். அவளுக்காக அவள் போட்டால் ஆகாது. இப்படியெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லிப் பழகினாள் வடிவு, அடுப்படியில், குளியலறையில், சத்துணவுக்கூடத்தில் அரிசி அளக்கும்போது. எல்லாம் நல்ல நல்ல பதில். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆள் எதிரில் வந்துவிட்டால் ஒரு பதிலும் வராது, அவளுக்கு அவளைத் தெரியாதா. குறுக்குச்சாலை ஸ்டாப்பில் இறங்கிவிடுவோமா? வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்னால் சீனியம்மாள் நம்புவாள். எதிர்ப் பஸ் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். டவுசரை அரிசிப் பானைக்கு அடியில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. பஸ் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். இவள் கம்பியைப் பிடித்தாள், எந்திரிக்கப் போனாள், சரக் என்றது, பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த இடது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி வளையல் நாலு, பெருவிரலில் அரிவாள்மணை வெட்டு. இது எப்போது பிடிக்க ஆரம்பித்தது? எட்டாங்கிளாஸ் வரைக்கும் பிடிக்கவில்லை. எட்டாங்கிளாஸில் பள்ளிக்கூடத்தில் பையன்களையும் சேர்த்து முந்தி ஓடினாள், பாவாடையைக் காலுக்கிடையில் வாங்கிச் செருகிக்கொண்டு. பெரியவள் ஆன பதினாறாம் நாள் அம்மா தாவணியைப் போட்டுவிட்டு, “இத ஒரு கையால புடிச்சுக்கிடணும், பாத்துக்க” என்றாள். அவ்வளவுதான். பிடித்த கை பிடித்தபடியே கிடந்தது. அதுக்கப்புறம் தண்ணிக்குடம் வலது இடுப்பில் இருந்தால் இடது கை முந்தானையில், பஸ் ஏறினால் கொசுவத்தில், காற்றடித்தால் மாராப்பில். இசக்கிமுத்துக்கு மூணு வயசு இருக்கையில் ஒருநாள் ரோட்டில் லாரி வந்தது. பிள்ளை பலூன்காரனைப் பார்த்து ஓடுகிறான். இவளும் ஓடுகிறாள். அய்யோ, அப்போதும், அப்போதும்கூட இந்தக் கை கொசுவத்தைத்தான் பிடித்திருந்தது. வலது கை மட்டும் நீண்டது, சட்டைக் காலர் விரலில் பட்டது, நழுவியது, லாரிக்காரன் புண்ணியவான் பிரேக்கைப் போட்டான், பிள்ளை கல்லில் விழுந்து புருவம் பிளந்தது. ஆறு தையல். பிள்ளை பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் குலசாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். வடிவு மட்டும் ராத்திரியெல்லாம் ரெண்டு கையையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு கையும் நீண்டிருந்தால் பிடித்திருப்பாள். இதை இருபத்தாறு வருசமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தழும்பு விழுந்த புருவத்தை நெரித்துக்கொண்டுதான் அவன் போனில் பேசியிருப்பான், சேலையிலயே ஓடும்மா என்று. அவனுக்கு என்ன தெரியும் பாவம்.

தூத்துக்குடிக் காற்று உப்பாக மூஞ்சியில் அடிக்க ஆரம்பித்ததும் சம்பந்தி ஞாபகம் வந்துவிட்டது. வராமல் எங்கே போகும். சண்முகவேல், துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பூ வைக்க வந்த அன்றைக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “சுகர் கிகர் ஒண்ணும் கிடையாது எனக்கு. டெய்லி காலையில மைதானத்துல எட்டு ரவுண்டு. மழையானாலும் சரி, புயலானாலும் சரி, எட்டு ரவுண்டு.” அப்போது இவள் வாயைப் பொத்திக்கொண்டு, பெரிய விசயம்தான் அண்ணாச்சி என்றாள். எந்த மைதானம் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் யோசித்தால் தூத்துக்குடியில் ரவுண்டு போடுகிற மாதிரி மைதானம் பந்தயம் நடக்கிற அந்த ஒன்றுதான். ஒன்பது மணிக்குப் பந்தயம். அதற்குள் நடந்து முடித்துப் போயிருப்பார். போயிருப்பாரா? பந்தயம் நடக்கிற அன்றைக்கு உள்ளே விட மாட்டார்கள். விட மாட்டார்களா? கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பாரோ? சம்பந்தியம்மா டவுசரில் ஓடுகிறாள். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லுவார். அவள் அக்காளிடம் சொல்லுவாள். இந்த மாதிரிக் குடும்பத்தில் நம்ம பிள்ளை எப்படி, என்பாள் அக்கா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பத்திரிகை அடித்தாச்சு, பையன் அந்தப் பிள்ளையோடு தினமும் ரெண்டு மணி நேரம் போன் பேசுகிறான். எல்லாத்தையும் ஒரு சாண் துணி கெடுத்துவிடும். ஒரு சாண் இருக்கிற துணி இல்லை, ஒரு சாண் இல்லாத துணி. இந்தப் பஸ் பஞ்சராகக் கூடாதா என்று குலசாமியைக் கும்பிட்டாள். குலசாமி கேட்கவில்லை.

மைதானத்தில் பேர் பதிகிற மேசையில் இருந்த பெண் பிள்ளை சுறுசுறுப்பானவள். “ஐம்பது பிளஸ்ஸா ஆன்ட்டி? நிமிந்து நில்லுங்க” என்றவள், இவள் வாயைத் திறப்பதற்குள் நம்பர்த் துணியை மாரில் வைத்து நாலு மூலையிலும் ஊக்குக் குத்திவிட்டாள். எதன்மேல்? முந்தானைமேல். முந்தானையும் அதற்கு அடியில் ரவிக்கைக்குப் பதிலாக இவள் போட்டிருந்த பனியனும் சேர்த்து, நம்பர் நூற்றுப்பதினேழு. வேண்டாம் பாப்பா, உள்ளதான் குத்தணும், நான் சேலையை அவிழ்க்கப் போறேன் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே ரெண்டு வார்த்தை. சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் உறைத்தது. சேலையோடு இவளைத் தைத்தே விட்டார்கள். சரி, போகட்டும், இதுதான் சாமி சொன்ன பதில் என்று ஒரு மனசு சந்தோசப்பட்டது, வெட்கங்கெட்ட மனசு. சேலையிலேயே ஓடிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் ஒரு பொல்லாப்பும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டே கம்பி வேலிப் பக்கம் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் குரங்குக்குல்லாவும் வெள்ளை பனியனுமாக நாலைந்து பேர் கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார்கள். மார்கழியில் ஊரில் பாதி ஆம்பளைக்குக் குரங்குக்குல்லாதான். அதில் எது சம்பந்தி? எல்லாமே சம்பந்தியாகத் தெரிந்தது. மைக்கில் கூப்பிட்டார்கள். “ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், நானூறு மீட்டர். ரத்தினம், சீனியம்மாள், சுடலைவடிவு…” பேர் மைதானம் முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்தது. இந்தச் சீமையில் கல்லை எறிந்தால் ஒரு சுடலைமேல்தான் விழும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. சுடலைவடிவு இவள் ஒருத்திதான்.

“யக்கா, வாங்க, கூப்புடுதான்லா” என்று கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டே சீனியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் வடிவு ரெண்டு எட்டு வேகமாக வைத்தாள். சரக் சரக். சீனியம்மாள் நின்றாள். “என்னக்கா சத்தம்?” வடிவு முந்தானையில் இருந்த ஊக்கைத் திருகினாள். கை வேர்த்து ஊக்கு வழுக்கியது. ஒன்று கழன்றது, அடுத்தது விரலில் குத்தியது. “ஏட்டி, இதக் கழட்டி விடு” என்றாள், அழுகிற குரலில். “எதுக்கு?” “கழட்டுட்டி.” சீனியம்மாள் குனிந்து பல்லால் கடித்து ஊக்கை எடுத்தாள், வாயில் மூன்று ஊக்கோடு நிமிர்ந்தபோது சேலை தரையில் கிடந்தது. பாவாடை நாடாவை வடிவு கண்ணை மூடிக்கொண்டு உருவினாள். ஏ ஆத்தே என்று வாயைப் பிளந்திருப்பாள் சீனியம்மாள், ஊக்கு விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டினாள். காற்று முதலில் தொடையில்தான் பட்டது. வெயிலே பார்க்காத தொடை, முட்டிக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம், பச்சை நரம்பு ஓடிக்கிடக்கிறது. நாலு திசையிலும் நாலாயிரம் கண் இருக்கிற மாதிரி கூசியது. செத்துப்போய்விடலாம் போல இருந்தது, நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பிள்ளை பெறும்போதுகூட இவ்வளவு அம்மணமாகத் தோன்றவில்லை. சீனியம்மாள் நம்பர்த் துணியை பனியன்மேல் வைத்து, வாயில் இருந்து ஒவ்வொரு ஊக்காக எடுத்துக் குத்தினாள். கடைசி ஊக்கைக் குத்திவிட்டு, “செத்த மூதி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா” என்றாள். யக்கா என்கிற மரியாதையெல்லாம் பறந்துபோயிருந்தது. “எனக்கும் ஒண்ணு எடுத்திருப்பம்லா.” அதுக்குச் சிரிக்கக்கூட வடிவுக்கு நேரமில்லை. கோட்டில் போய் நில்லுங்கம்மா என்று ஒருத்தர் கத்தினார்.

விசில் அடித்தது தெரியும். கால் கிளம்பியது தெரியும். அதுக்கப்புறம் மூச்சும் மண்ணும்தான். எவனோ ஊளையிட்டான், எவளோ கெக்கலித்தாள், தன்னைப் பார்த்தா, வேறு யாரையாவது பார்த்தா, தெரியவில்லை, தன்னைப் பார்த்துத்தான், வேறு யாரை. ஓடு, சீக்கிரம் ஓடினால் சீக்கிரம் முடியும், முடிந்தால் சேலையைச் சுற்றிக்கொள்ளலாம், சேலை சீனியம்மாள் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டுக்கு எப்படிப் போவேன். கால் என்னவோ இளசாகத்தான் இருந்தது. கால் தடுக்கவில்லை, எதுவும் சுற்றவில்லை, ஆனாலும் முதல் வளைவு முடியும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போன வருசம் சாய்ந்த அதே பக்கம். மூச்சு திக்கியது. முன்னால் அந்தப் போலீஸ்காரம்மா, ரத்தினம், பத்தடி தூரத்தில், ரெண்டு கையும் வீசிக்கொண்டு. ஏன் சாய்கிறது? இன்னும் என்ன? குனிந்து பார்த்தாள். இடது கை இடுப்பில் இருந்தது. வெறும் இடுப்பில், தொப்புளுக்குக் கீழே, இல்லாத கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் ஐந்தும் மடங்கி, நகம் உள்ளங்கையில் பதிய. ஒன்றுமே இல்லை அதற்குள்ளே. காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஐயோ என் கையே என்று அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு குரங்குக்குல்லா நின்றது. குல்லாவைக் கழற்றியது. நரைத்த மீசை, தங்கப் பிரேம் கண்ணாடி, சம்பந்தியேதான். அவர் வாய் திறந்தபடி இருந்தது. பையில்லாத பனியனைத் தடவி, இடுப்பு மடிப்பில் இருந்து போனை எடுத்து, நிமிர்த்திப் பிடித்தார். இவள் கை பிடித்ததை விடவில்லை, இன்னும் இறுக்கியது, தொடையை மறை, தொடையை மறை என்றது. மறைக்கலாம். மறைக்க ஒரு கை போதும். லாரி, பலூன், விரலில் பட்டு நழுவின காலர். இசக்கி, எய்யா, மன்னிச்சுக்கோ. சுண்டுவிரலை முதலில் பிரித்தாள். அது வலித்தது. அடுத்த விரல். அடுத்தது. போன் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது, அவருக்கு நேர் எதிரே வந்துவிட்டாள், பயத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பெருவிரலையும் விட்டாள். கை கீழே விழுந்தது, பின்னால் போனது, முன்னால் வந்தது. பிறகு வலது கை. பிறகு இடது. பயம் போகவில்லை, அதுவும் கூடவே ஓடிவந்தது. உடம்பு நேரானது. இன்னும் இருநூறு மீட்டர் கிடந்தது.